முழித்த முகம்

சிப்பிவிளைக்காரர்களுக்கு விடிந்ததும் முதல் கவலை, இன்றைக்கு யார் முகத்தில் முழிக்கப் போகிறோம் என்பதுதான். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம், நடுவில் நூற்றிருபது வீடு. பங்குனி வெயிலில் பாத்தி பாத்தியாக விளைந்து நிற்கிற உப்பு ஒரே தூறலில் கரைந்து போகிற ஊர் அது, அங்கே உழைப்பை நம்பி என்ன ஆகப் போகிறது, முகத்தைத்தான் நம்ப வேண்டும் என்று எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டார்கள். அப்படி நம்புவதற்குத் தோதாக ஊரில் ஒரு முகமும் இருந்தது. பேச்சித்தாயின் இளைய மகள் சந்தனமாரி பிறந்த வருஷம் ஒன்பது மாதம் மழை எட்டிப் பார்க்கவில்லை, உப்பு மலை மலையாகக் குவிந்தது, அன்று முதல் அவள் முகம் ராசியான முகம் ஆயிற்று. பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், லோடு ஏற்றிப் புறப்படுகிற லாரிக்காரர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், எல்லாரும் பேச்சித்தாய் வீட்டு முன்னால் வந்து நின்று, "மதினி, ஒம் மவளக் கொஞ்சம் எதுக்க வரச் சொல்லேன்" என்பார்கள். சந்தனமாரி பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, முக்கு வரைக்கும் போய்த் திரும்பி எதிரே வருவாள். எல்லாருக்கும் ராசியான அந்த முகத்தில் அவள் மட்டும் முழிக்க முடியாதே, அதனால்தானோ என்னவோ அவளுக்கென்று ஒரு நல்லதும் நடக்கவில்லை.

அவளுக்கு மூன்று வயது மூத்தவள் பிரம்மசக்தி. மூத்தவளை யாரும் எதிரே வரச் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்டவள், வருஷத்துக்குக் கொஞ்சமாக ஏறி ஏறி, இருபத்து மூன்று வயதில் இரண்டு கண்ணிலும் எட்டு எட்டுப் பவர் வந்து நின்றது. ஊர் அவளைச் சோடாப்புட்டி என்றது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா உப்பு மூட்டையா என்று தெரியாது, ஆனால் மூக்குக்கு நாலு விரல் தள்ளி எதைக் கொண்டுவந்து காட்டினாலும் ஊரில் யாருக்கும் தெரியாத துல்லியத்தோடு தெரியும். காலில் ஒடிந்த முள், கண்ணில் விழுந்த உப்புத்துகள், தலையில் ஒட்டின ஈர் எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வருவார்கள். தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூச்சுப் படும் தூரத்தில் குனிந்து ஈர் உருவும்போது, அந்த முகத்தை அவள் துண்டு துண்டாகப் பார்ப்பாள்: கீழ் இமை ஓரத்தில் பாதிக் கடுகு அளவு மச்சம், புருவத்துக்கு மேலே அம்மை போட்ட குழி, மேலுதட்டில் பூனை முடி. தனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த முகம் பெற்றவளுக்குக்கூடத் தெரியாது என்று அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது.

ஆறுமுகநேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை லிங்கதுரைக்குப் பெயிண்ட் கடை. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியையும் தின்று காப்பியையும் குடித்து முடித்தபிறகு, "பொண்ணு எல்லாம் பிடிச்சிருக்கு, அந்தக் கண்ணாடி ஒண்ணுதான்" என்று இழுத்தாள். "இப்பதான் லேசர் வச்சு எடுத்துருதாங்களே. எடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க, மறுநாளே தட்டு மாத்திருவோம்." கண்ணாடியைச் சுவரில் அடித்த ஆணி மாதிரி எடுத்துவிடலாம் என்பது போலத்தான் அவள் பேசினாள்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு முதலில் பரிசோதனைக்கு மூன்று பேரும் போனார்கள். அங்கே இருந்த நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கண்ணை வைத்து விளக்கம் சொன்னாள். வலிக்காது, சொட்டு மருந்து விட்டுப் படுக்க வைப்போம், மேலே ஒரு வெளிச்சப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, பவரைச் சுத்தமாக எடுத்துவிடுவோம் என்றாள். பிரம்மசக்தியும் பேச்சித்தாயும் தலையாட்டினார்கள். சந்தனமாரி மட்டும், "எடுத்த பவர என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டாள். நர்ஸ் சிரித்துவிட்டு, "உங்க கூடவே வீட்டுக்கு அனுப்பிருவோம்" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

ஆபரேஷன் அன்றைக்குச் சந்தனமாரி வீட்டில் இருந்தாள். பிரம்மசக்தி வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், முடி கருகுகிற வாடை அடித்தது, எழுந்திரும்மா என்றார்கள், முடிந்துவிட்டது. அன்று ஆபரேஷன் செய்துகொண்ட மற்றவர்களெல்லாம் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போகிற வழியில் கடை போர்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அவரவர் பவர் அங்கங்கே ரோட்டிலும் டீக்கடையிலும் உதிர்ந்து காற்றோடு போயிருக்க வேண்டும். பேச்சித்தாய்க்கு அந்தப் புத்தி இல்லை, அவளுக்கு ஊர்ப்புத்திதான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே மகளை நிறுத்தி, கறுப்புக் கண்ணாடிக்கு மேலே ஒரு துண்டை இரண்டு சுற்றாகச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"எம்மா, பாக்கலாம்னுதான சொன்னாங்க?"

"சும்மா இருட்டி. புதுக் கண்ணு. பஸ்ஸுல ஆயிரம் மூஞ்சி கெடக்கும், கண்டவன் மொகத்துல முழிச்சிறக் கூடாது. வீட்டுல போய் நம்ம சந்தனத்து மொகத்துல முழி."

இப்படியாக, எடுத்த எட்டும் எட்டும் பதினாறு பவரும் போக வழியில்லாமல் துண்டுக்கும் கண்ணுக்கும் நடுவே நாலு மணி நேரம் புழுங்கிக்கொண்டு சிப்பிவிளைக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் விளக்கு ஏற்றி வைத்து, தெருவில் பாதிப்பேர் கூடி நிற்க, தலை நிறையப் பூ வைத்துச் சந்தனமாரியை எதிரே உட்கார வைத்தார்கள். துண்டை அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடியையும் கழற்றியபோது பிரம்மசக்தி தன் தங்கையின் முகத்தை முதல்முதலாக நடுவில் கண்ணாடி இல்லாமல், ஒரு கை தூரத்தில், நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் முழுசாகப் பார்த்தாள். இவ்வளவு அழகா இவள் என்று தோன்றியது. அது ஒரு கண்சிமிட்டும் நேரம். அப்புறம் ஈரக்கையால் கோலத்தைத் தேய்த்தது போல மூக்கு கன்னத்தோடும் கன்னம் காதோடும் கலந்துவிட்டது. ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து சுவரைப் பார்த்தாள். காலண்டரில் ராகுகாலம் தெரிந்தது, அதற்கு மேலே பல்லியின் விரல்கள் தெரிந்தன, வாசலில் நின்ற பெண்களின் மூக்குத்திக் கல் எத்தனை என்பதுகூடத் தெரிந்தது.

பேச்சித்தாய்தான் முதலில் சொன்னாள், "ஏட்டி சந்தனம், போய் மூஞ்சியக் கழுவிட்டு வா, என்னமோ அப்பிக் கெடக்கு."

சந்தனமாரி கழுவிவிட்டு வந்தாள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். கடலை மாவு போட்டும் கழுவிவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டு மாடத்தி கிட்டப் போய்ப் பார்த்து, தள்ளி நின்று பார்த்து, "பவர் எறங்கியிருக்கு மதினி, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அக்காள் கண்ணில் இருந்தது தங்கச்சி முகத்துக்கு வந்திருக்கிறது, வெளியே எங்கும் போகவில்லையே, வீட்டோடுதானே இருக்கிறது என்று பேசிக்கொண்டு, வைத்திருந்த காப்பியைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அந்த வாரத்திலேயே பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில், ஆதார் அட்டையில், காதுகுத்து வீட்டு ஆல்பத்தில், எங்கெல்லாம் அவள் முகம் இருந்ததோ அங்கெல்லாம் அது கலங்கிப் போயிற்று. போனில் எடுத்தால் பின்னால் நிற்கிற வேலிக்கம்பி முள் முள்ளாக விழும், அவள் முகம் மட்டும் விழாது. பழைய கண்ணாடியைத் தேடினார்கள்; அதைப் பேச்சித்தாய் மதுரையிலேயே மகள் தலையைச் சுற்றி ஆற்றுப்பாலத்திலிருந்து எறிந்திருந்தாள். புதிதாக அதே பவரில் ஒரு கண்ணாடி செய்து வாங்கி ஊரே ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுப் பார்த்தது, தலைவலிதான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் பிரம்மசக்தியின் கண்ணை நன்றாகச் சோதித்துவிட்டு, ஆபரேஷன் அருமையாக வந்திருக்கிறது, இந்தப் பொண்ணுதான் எங்கள் பேஷண்ட், அந்தப் பொண்ணு எங்கள் பேஷண்ட் இல்லை என்று சொல்லி, சொட்டு மருந்தை இன்னும் ஒரு மாதம் விடச் சொன்னார். ஆறுமுகநேரிக்காரர்கள் வந்து, மூத்தவள் கண் சரியாகிவிட்டது, சந்தோஷம், ஆனால் ஒரே வீட்டில் இன்னொரு பெண் இப்படி இருந்தால் நாளைக்குப் பேரன் பேத்திகளுக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். இந்தத் தடவை பஜ்ஜி சாப்பிடவில்லை.

பிரம்மசக்தி உப்பு வாரப் போனாள். அவள் கண் இப்போது அப்படி ஒரு கண். உப்பைக் குவித்து வைத்த அம்பாரத்தின் மேல் ஏறி நின்றால் ஒன்றரை மைல் தள்ளி இருக்கிற முதலாளி வீட்டு மாடியில் காய்கிற துணியின் கரை தெரியும். ஆனால் நாலு விரல் தூரத்தில் பார்க்கிற பார்வை போய்விட்டது. லேசர் வைத்தவர்கள் அதைச் சேர்த்தேதான் எடுத்திருந்தார்கள், அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தங்கை தலையை மடியில் வைத்து ஈர் பார்க்கக் குனிந்தால், எந்த நெருக்கத்தில் அவளுக்கு எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரியுமோ அந்த நெருக்கத்தில் கறுப்பாக ஏதோ ஆடியது. எட்டுப் பவர் இருந்த கண்ணுக்கு மட்டும் தெரியக்கூடிய முகமாக அது ஆகியிருந்தது, அந்தக் கண்ணோ இல்லை. தான் செய்த காரியம் என்ன என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உப்புத் தண்ணீரில் நின்று யாருக்கும் தெரியாமல் அழுவது சுலபம், அவள் நிறைய அழுதாள்.

ஊர் அழவில்லை. ராசியான முகம் போனதில் எல்லாருக்கும் பத்து நாள் வருத்தம் இருந்தது, அப்புறம் முகம் இல்லாத ஒருத்தியால் ஆகக்கூடிய காரியங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. உப்பளத்தோடு நூறு நாள் வேலையையும் மேற்பார்க்கிற கங்காணி தங்கமாடன்தான் தொடங்கி வைத்தார். அந்த நூறு நாள் வேலைக்கு வராத பெண்களுக்குப் பதிலாக அவளை நிறுத்திப் போனில் படம் எடுத்து அனுப்பினார். கலங்கின முகம் யாருடைய முகமாகவும் இருக்கலாம் என்பதால் எல்லாப் பெயருக்கும் வருகை விழுந்தது. மாடத்தியின் மகள் லாரி கிளீனரோடு ஓடிப்போனபோது, ஊர் வாயை மூட, மாடத்தி நாலு நாள் சந்தனமாரியைக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும், "என்னட்டி, பாடு எப்படி?" என்று ஓடிப்போனவளின் பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும்.

அப்புறம் இசக்கியம்மா வந்தாள். காய்ச்சலில் மகள் செல்வியைப் பறிகொடுத்து ஆறு வருஷம் ஆனவள். "ஒரு வேள எங்க வீட்டுல சாப்பிடட்டும் பேச்சி, நான் வேற ஒண்ணும் கேக்கல" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தனமாரி போய் உட்கார்ந்தாள், இசக்கியம்மா சோறு போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் கலங்கலில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் செல்வியின் மூக்கு வந்தது, கண் இருக்க வேண்டிய இடத்தில் செல்வியின் கண் வந்தது. கொஞ்சம் போட்டுக்கோ செல்வி என்றாள். போதும்மா என்றாள் சந்தனமாரி. அன்று இசக்கியம்மா வீட்டிலிருந்து வந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டு, யாரையெல்லாம் பறிகொடுத்திருந்தார்களோ அவர்களெல்லாம் மறுநாள் வந்துவிட்டார்கள். பேச்சித்தாய் முறை வைத்துக் கொடுத்தாள். திங்கள் இசக்கியம்மா வீடு, செவ்வாய் கிணற்றில் விழுந்த மருமகளுக்காகக் கீழத்தெரு, புதன் துபாயிலிருந்து வராத அக்காளுக்காக வடக்குத்தெரு. பாவம், அவர்களுக்கும் ஆறுதல் வேண்டும்தானே என்பாள். எந்த வீட்டிலும் குறை வைக்கவில்லை, சந்தனமாரி ஒரு சுற்றுச் சதை போட்டாள். ஆனால் எந்த வீட்டிலும் அவளைச் சந்தனம் என்று கூப்பிடவில்லை, கொஞ்ச நாளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பினாள்.

உப்பள முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது ஆடி மாதம். முதலாளி மகனுக்குக் கயத்தாறு பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண் அனுசூயா. கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது, வைகாசிக்குப் பிறகு அவளை யாரும் வெளியே பார்க்கவில்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று முதலாளி வீட்டில் சொன்னார்கள், ஊரும் சரி என்றது. பிறகு பிறந்த வீட்டிலிருந்து அவளுடைய அம்மா, புருஷன் இல்லாத ஒற்றை மனுஷி, மகளைப் பார்க்க வந்து வாசலில் நின்றாள். மகளுக்கு அம்மை வார்த்திருக்கிறது, கிட்டப் போகக் கூடாது, மாடியில் நிற்பாள், கீழே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மாடியில் பச்சைப் பட்டுச்சேலையில் ஒரு பெண் வந்து நின்று கையை ஆட்டினாள். கிழவி கூட்டிய கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டு, கொண்டுவந்த அதிரசத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள், அம்மை இன்னும் இறங்கவில்லை என்றார்கள்.

மூன்றாம் தடவை அம்பாரத்தின் மேல் நின்றிருந்த பிரம்மசக்தி அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றரை மைல் தூரத்தில் பட்டுச்சேலை கட்டி நின்ற பெண் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைச் சொறிந்தாள். உலகத்தில் ஒருத்திதான் அப்படிச் சொறிவாள். உப்புவாரும் பலகையைப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினாள், சாயங்காலம் தங்கை வருகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.

"ஏட்டி, அனுசூயா எங்க?"

"எனக்கென்னக்கா தெரியும். அந்தம்மா கீழ நின்னு கைய ஆட்டுது, நானும் ஆட்டுதேன். அவ்வளவுதான்."

"அவ வீட்டுக்குள்ள இருக்காளா?"

சந்தனமாரி விரல் விட்டு எண்ணினாள். "அவ சேலையெல்லாம் பொட்டிக்குள்ள அடுக்கி இருக்கு. கொலுசு இருக்கு. தாலிச் சங்கிலியும் இருக்கு."

பிரம்மசக்தி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இனிமே அங்க போவக் கூடாது."

"சும்மா இரு பிரம்மு" என்று உள்ளேயிருந்து பேச்சித்தாய் சத்தம் போட்டாள். "ஒன் கல்யாணத்த அவுக எடுத்து நடத்துதோம்னு சொல்லியிருக்காக. இவ நிக்கத்தான செய்யுதா, திருடவா செய்யுதா?"

"எம்மா, அந்தப் பொண்ண என்ன செஞ்சாகளோ. நாளைக்கு இவள என்ன செய்வாகளோ."

"இவள என்ன செய்ய முடியும்? இவளத்தான் ஊருக்கே வேணுமே."

சந்தனமாரி அக்காள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு அவள், "எக்கா, கண்ணாடில பாத்தா எனக்கே நான் தெரியல. நான் எப்பிடி இருப்பேன்னே மறந்து போச்சு. ஒனக்காச்சும் தெரியுதா?" என்று கேட்டாள். பிரம்மசக்தி தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்தோடு கொண்டுவந்தாள், மூக்கும் மூக்கும் முட்டும் அளவுக்குக் கொண்டுவந்தாள். ஒன்றும் தெரியவில்லை. மச்சம் தெரியவில்லை, அம்மைக்குழி தெரியவில்லை, மூச்சின் சூடு மட்டும் இருந்தது.

"தெரியுதுட்டி" என்றாள். "நல்லாத் தெரியுது. அப்பிடியேதான் இருக்க."

அது ஒன்றுதான் அவள் தங்கைக்குச் சொன்ன பொய், அதை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு மாய்ந்து போனாள். சந்தனமாரி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. சந்தோஷப்பட்டாளா என்பது முகத்தில் தெரியவில்லை.

கயத்தாறுக் கிழவி அடுத்த மாதம் முதலாளி வீட்டுக்கு வரவில்லை, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். மகள் மாடியில் நிற்கிறாள், கையை ஆட்டுகிறாள், ஆனால் ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிடவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலையில் அனுசூயாவை நேரில் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி முதலாளி வீட்டுக்குத் தகவல் போயிற்று. சனிக்கிழமை அங்கிருந்து கங்காணி வந்து, இரண்டு நாள் அங்கே தங்க வேண்டியிருக்கும் என்று சந்தனமாரியைக் கூட்டிக்கொண்டு போனார். பிரம்மசக்தி அளத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நடுமத்தியானம், கடல் தண்ணீரை உப்பளத்துக்குள் கொண்டுவருகிற பெரிய வாய்க்காலில், பச்சைப் பட்டுச்சேலையும் கொலுசும் தாலிச் சங்கிலியுமாக ஒரு உடம்பு மிதந்தது.

கரையில் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்க அங்கே நின்றது. பிரம்மசக்தி வரப்பு வரப்பாக ஓடி வந்தாள், ஓடி வரும்போதே, பாதித் தூரத்திலேயே, அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அந்த முகம் தெரிந்தது. உயிரோடு பவரும் போயிருந்தது. நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் ஒரு கலங்கல் இல்லாமல், அன்றைக்கு விளக்கு வெளிச்சத்தில் ஒரு கண்சிமிட்டும் நேரம் பார்த்த அதே முகம், கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் கிடந்தது. அவள் தங்கையின் மேல் விழுந்து, "சந்தனம், சந்தனம்" என்று கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக வரச் சொல்லி, பார்த்துச் சொல்லுங்கள், இது யார் என்று கேட்டார். முதலாளி கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கங்காணி தங்கமாடன் பார்த்தார், அனுசூயா என்றார். மாடத்தி பார்த்தாள், சேலை அவளுடையதுதான் என்றாள். இசக்கியம்மா பார்க்கவே மாட்டேன் என்றாள், பிடித்து இழுத்துக் காட்டினார்கள், இது செல்வி இல்லை, நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்த் தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர்களில் பாதிப்பேர் பயந்து சொன்னார்கள். மீதிப்பேர் நிஜமாகவே சொன்னார்கள், பிரம்மசக்தி ஒவ்வொருத்தர் கண்ணாகப் பார்த்தாள், அவர்களுக்கு அந்த முகம் யாரென்று தெரியவில்லை.

பிறகு கயத்தாறுக் கிழவியை அழைத்து வந்தார்கள். அவள் குனிந்து பார்த்தாள். அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிரம்மசக்தி கிழவியின் முகத்தைப் பார்த்தாள், தன் மகள் இல்லை என்று கிழவிக்குத் தெரிந்துவிட்டதை அப்பட்டமாகப் பார்த்தாள். கிழவி நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள், பரந்து கிடந்த உப்பளத்தைப் பார்த்தாள், எத்தனை பாத்தி, எத்தனை வரப்பு, எங்கே என்று தோண்டுவது. அப்புறம் உட்கார்ந்து அந்தத் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் மவதான் ஐயா" என்றாள்.

"இல்ல ஐயா, பொய்! இது எந் தங்கச்சி!" என்று பிரம்மசக்தி அலறினாள்.

கிழவி அவள் கையைப் பிடித்தாள். வேறு யாருக்கும் கேட்காமல், "எனக்கும் தெரியும் தாயி" என்றாள். "எம் புள்ளய இனிமே குடுக்க மாட்டானுவ. மடியில போட்டு அழ எனக்கு ஒரு ஒடம்பு வேணும். விட்டுக் குடு தாயி. நீ மொகத்தப் பாத்துட்டல்லா, எனக்கு அதுவும் கெடையாது."

பிரம்மசக்தியால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அந்தக் கிழவியின் மேல் அவளுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை, ஆனால் சந்தனமாரி எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெயரில் உட்கார்ந்துவிட்டாள், சிதையிலாவது அவள் பெயரில் அவள் வேக வேண்டும் என்று நினைத்தாள். கையை உதறிவிட்டு எழுந்து, இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று, இது சந்தனமாரி, என் கூடப்பிறந்தவள், கீழ் இமையில் மச்சம் இருக்கிறது பாருங்கள், புருவத்துக்கு மேலே குழி இருக்கிறது பாருங்கள், போன வருஷம் வரைக்கும் இந்த ஊரே இந்த முகத்தில்தான் முழித்தது என்று சொன்னாள். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். இருந்த போட்டோக்களெல்லாம் அவளோடு கலங்கியிருந்தன, அவை தெளிந்தனவா என்று யாரும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. கங்காணி இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்து, கண்ணில் ஆபரேஷன் செய்த பொண்ணு ஐயா என்றார்.

"பெத்தவ இருக்காளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கூட்டம் விலகிற்று. பேச்சித்தாய் வந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் பின்னால் நின்றிருந்தாள், இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கிழவியின் மடியில் கிடந்த முகத்தை அவள் பார்த்தாள். மச்சத்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், மூக்கையும் வாயையும் பார்த்தாள். பிரம்மசக்தி, "எம்மா, சொல்லும்மா" என்று கெஞ்சினாள், அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் மெதுவாக ஒரு நிம்மதி பரவுவதை, அவளுடைய அந்தப் புதுக் கண்ணால், ஒரு சுருக்கம் விடாமல் பார்த்தாள்.

"இது இல்ல ஐயா" என்றாள் பேச்சித்தாய். "எம் மவளுக்கு மொகம் கெடையாது."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். கிழவி பச்சைப் பட்டின் முந்தானையை இழுத்து அந்த முகத்தை மூடினாள்.